நாப்பத்தோரு பர்சென்ட்

உக்காருங்க சார். அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இப்படி பெஞ்சுல உக்காருங்க. வில்லங்கச் சான்றுக்கான பக்கம் தொறக்க எப்படியும் அரை மணி நேரம் ஆகும். மத்தியானம் வரைக்கும் ஊரே அதுலதான் உக்காந்திருக்கும். நம்ம மெஷின் கோளாறு இல்ல சார் இது. நம்ம மெஷின் பட்டனை அமுக்கிட்டு நீங்க மூக்குக்கண்ணாடியைத் தொடச்சு மாட்டறதுக்குள்ள வந்து நிக்கும்.

நீங்க கேட்டீங்களே, பெட்டியைப் பாத்தா அரதப் பழசா இருக்கு, வேகம் மட்டும் இப்படி இருக்கேன்னு. பழசுதான் சார். பதிமூணு வருசத்துப் பெட்டி. உள்ள இருக்கறதுதான் வேற. வெளியில அதே தகரம், அதே கீறல். போன ஆடி மாசம் மாத்தினது. அதை மாத்தினது ஒரு பெரிய கதை. பெரிய கதைன்னா அப்படி ஒண்ணும் இல்ல. நடந்தது, அவ்வளவுதான்.

என் பேரு தனக்கோடி. இந்த முசிறியில, பத்திர ஆபீசுக்கு எதிர்ல, இருபத்தாறு வருசமா இதே கடைதான். முதல்ல ரெண்டு டைப்ரைட்டர் வச்சிருந்தேன். தமிழ் ஒண்ணு, இங்கிலீஷ் ஒண்ணு. அப்பறம் எங்க வீட்டுக்காரர் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, அவரே மாட்டிக் குடுத்தாரு. வீரபத்திரன்னு பேரு. ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பாக்கறவரு. கை சுத்தமான கை. எதைப் பிரிச்சாலும் திரும்ப மாட்டிருவாரு.

எங்களுக்குப் பிள்ளை இல்ல. அதனாலதான் போனாருன்னு ஊர்ல சொன்னாங்க. அவரு ஒண்ணும் சொல்லல. ஒரு நாள் பையில நாலு சட்டையை எடுத்து வச்சாரு. குளித்தலையில வேலை இருக்கு, ரெண்டு நாள் ஆகும்னாரு. நான்கூட இட்லி கட்டிக் குடுத்தேன். அது ஆச்சு ஒம்பது வருசம்.

அங்க பிலோமினான்னு ஒருத்தி. கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கா. என்னைவிடப் பன்னண்டு பதிமூணு வயசு சின்னவ. பாலத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. பஸ்ல ஏறினா பதினஞ்சு நிமிசம். நான் ஒம்பது வருசமா அந்தப் பாலத்தைத் தாண்டல. கரூர்ல ஒரு கல்யாணம் வந்துச்சு, அதுக்குக்கூட நாமக்கல் சுத்தித்தான் போனேன். கோவம்னு நினைச்சுக்காதீங்க. கோவம் எல்லாம் இல்ல. அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்ல, அவ்வளவுதான்.

போன வருசம் ஆனி மாசக் கடைசியில இந்த மெஷின் மக்கர் பண்ண ஆரம்பிச்சுச்சு. காலையில போட்டா காப்பி குடிச்சு, வாசல் தெளிச்சு, கடைக்கு சாம்பிராணி காட்டி முடிக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். அதைக்கூட பொறுத்துக்கிட்டேன். ஒரு நாள் பத்திரம் பதியற பக்கமே தொறக்கல. உங்க பிரவுசர் பழசு, புதுசு போடுங்கன்னு வந்துச்சு. புதுசு போடப் போனா, உங்க விண்டோஸ் பழசுன்னு வந்துச்சு. விண்டோசைப் புதுசு போடலாம்னா, உங்க மெஷினே பழசுன்னுட்டாங்க.

இங்க ரெண்டு கடையில காட்டினேன். ஒருத்தர் பெட்டியைத் தொறக்கக்கூட இல்ல. "அம்மா, இதைக் காயலான் கடையில எடைக்குப் போடுங்க. புதுசு முப்பத்தஞ்சாயிரத்துல நல்லதா வரும்"ன்னாரு. முப்பத்தஞ்சுக்கு நான் எங்க போவேன்? சித்திரையிலதான் பித்தப்பையில கல்லுன்னு ஆபரேசன் பண்ணிட்டு வந்திருக்கேன். கையில அஞ்சாயிரம் இருந்துச்சு. ஆடியில யாரும் பத்திரம் பதிய மாட்டாங்க. ஆவணி பொறந்தா கூட்டம் குமிஞ்சுரும். அதுக்குள்ள சரி பண்ணலேன்னா, அந்த முக்குல புதுசா ஏசி போட்டு ஒரு கடை வந்திருக்கு பாருங்க, எல்லாரும் அங்க போயிருவாங்க. போனவங்க திரும்பி வர மாட்டாங்க சார்.

நம்ம பத்திர எழுத்தர் பாலசுந்தரம் ஐயாதான் சொன்னாரு. "குளித்தலையில ஒரு அம்மா இருக்குதாம், எந்தப் பழைய பெட்டிக்கும் உசுர் குடுத்துருதாம்"ன்னாரு. சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. "இல்ல தனக்கோடிம்மா, நான் ஏதோ நினைப்புல..."ன்னாரு.

"இருக்கட்டும் ஐயா, எந்தத் தெரு?"ன்னு கேட்டேன்.

மெஷினுக்காகத்தான் போனேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.

பெட்டியைப் பழைய புடவையில கட்டி, பஸ்ல மடியில வச்சுக்கிட்டு போனேன். கடை சின்னதுதான். அவ கீழ உக்காந்து ஏதோ ஒயரை ஈயம் உருக்கிப் பத்தவச்சிட்டிருந்தா. நிமிந்து பாத்தா. யாருன்னு கேக்கல. கையில இருந்ததை ஓரமா வச்சுட்டு, எந்திரிச்சு, "வாங்கக்கா"ன்னா.

"மெஷின் பாக்கணும்"னேன்.

"குடுங்கக்கா"ன்னு வாங்கி மேசையில வச்சா. பின்பக்கம் திருப்பிப் பாத்தா. "மூணு ஸ்க்ரூதான் இருக்கு"ன்னா.

"நாலாவது போடமாட்டாரு"ன்னேன்.

"எப்பவுமே"ன்னா.

அவ மூணையும் கழட்டினா. உள்ள ஒரு சாண் தூசி. வாசல்ல கொண்டுபோய் வச்சு ஊதினா. கரண்டைக் குடுத்து ஓட விட்டு, டார்ச்சை என்னைப் பிடிக்கச் சொன்னா. பிடிச்சேன்.

"போர்டு நல்லா இருக்குக்கா. கண்டென்சர் ரெண்டு உப்பியிருக்கு, அதை மாத்திரலாம். ரேம் பத்தாது, எங்கிட்ட பழசு ரெண்டு கிடக்கு, அதைப் போட்டா இதுக்குத் தாராளம். ஹார்ட் டிஸ்குதான் போற காலம் வந்திருச்சு. காதை வச்சுக் கேளுங்க, கடக் கடக்னு வருதுல்ல? அதுக்குப் பதிலா புது மாதிரி டிஸ்கு ஒண்ணு போட்டா பறக்கும். அது ஒண்ணுதான் புதுசா வாங்கணும். மிச்சமெல்லாம் இதே போதும். அஞ்சாயிரம் ஆகாதுக்கா"ன்னா.

அப்பதான் மேலேருந்து சத்தம் வந்துச்சு. ணங் ணங் ணங்னு. மூணு தடவை.

அவ கையைத் தொடச்சுக்கிட்டே சொன்னா. "மாடியில இருக்காருக்கா. பங்குனியில விழுந்துட்டாரு. வலது பக்கம் விளங்கல. பேச்சும் இல்ல. ஏதாவது வேணும்னா டம்ளரால கட்டில் கம்பியில தட்டுவாரு."

"அப்படியா"ன்னேன். அப்பறம், "ரேம் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணுமா?"ன்னு கேட்டேன்.

அவ என்னை ஒரு மாதிரியா பாத்தா. "இருந்தா நல்லதுக்கா"ன்னுட்டு மேல போயிட்டா.

நான் பெட்டியை விட்டுட்டு அடுத்த பஸ் பிடிச்சு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து துணி துவைச்சேன். எனக்கு ஒண்ணும் தோணல. ஏதாவது தோணும்னு கொஞ்ச நேரம் உக்காந்துகூட பாத்தேன். தோணல.

நாலு நாள் கழிச்சு மறுபடி போனேன். கூப்பிடல. ஆனா வேலை எந்த மட்டுல இருக்குன்னு பாக்கணும்ல? அன்னிக்கு சோறு கொஞ்சம் குழைஞ்சு போச்சு. ரசமும் அளவு தப்பி அதிகமாப் போச்சு. நான் ஒருத்தி, அவ்வளவும் என்ன பண்றது? கொட்டறதுக்கு மனசு வரல. தூக்குல ஊத்தி எடுத்துட்டுப் போனேன். "இது மீந்து போச்சு"ன்னு சொல்லிட்டு மேசை மேல வச்சேன்.

அவ கிண்ணத்துல எடுத்துக்கிட்டு மேல போனா. நான் கீழ ரேமைத் தேய்ச்சிட்டிருந்தேன். அதுல தங்கக் கலர்ல பல்லு பல்லா இருக்கும் சார். அழுக்கு ஏறினா வேலை செய்யாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அழிக்கிற ரப்பர் இருக்குல்ல, அதால தேய்ச்சா பளபளன்னு வந்துரும். அவதான் சொல்லிக் குடுத்தா. எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்துச்சு.

அவ இறங்கி வந்து, "அக்கா, இந்த ஒரு மாசத்துல இன்னிக்குத்தான் கிண்ணம் காலியாச்சு"ன்னா. "யாரு வச்ச ரசம்னு தெரிஞ்சுபோச்சு போல. படியையே பாத்துட்டிருக்காரு"ன்னா.

நான் தேய்ச்சிட்டே இருந்தேன்.

"ஒரு தடவை மேல வந்து எட்டிப் பாருங்கக்கா."

"முட்டி வலிக்குது பிலோமினா. இன்னொரு நாள் பாப்போம்"னேன்.

இன்னொரு நாளும் போனேன். அதுக்கடுத்தும் போனேன். என்னவோ அந்த மாசம் பூரா எனக்குச் சோறு குழைஞ்சே போச்சு. அரிசி மாத்தினேன், அதனால இருக்கும்.

போனா பத்து மணிக்குப் போவேன், மூணு மணிக்கு வருவேன். அவ வேலை பாத்துக்கிட்டே பேசுவா. அவளுக்கும் பேச ஆளில்ல. அண்ணனுங்க ரெண்டு பேரும் அவரு வந்த அன்னியோட தலை முழுகிட்டாங்க. கோயில்ல, மாதா சுரூபத்துக்கு முன்னாடி நின்னா பக்கத்துல நிக்கிறவங்க தள்ளிப் போவாங்களாம். அவரைப் புரட்டிப் போடறது, தொடைக்கிறது, துணி மாத்தறது எல்லாம் அவ ஒருத்திதான். நடுவுல கடை. "ஆள் கனம்கா. கை விட்டுப் போகுது"ன்னா. தோளைக் காட்டினா, வீங்கியிருந்துச்சு. நான் அடுத்த தடவை போறப்ப தைலம் வாங்கிட்டுப் போய்த் தேய்ச்சு விட்டேன். தோள் வீங்கினா அவ எப்படி மெஷினைத் தூக்கி வேலை பாப்பா? நம்ம வேலைதான நிக்கும்.

எப்பவாவது மேலேருந்து ணங் ணங்னு கேக்கும். அவ போவா. நான் கீழ இருப்பேன். அது பழகிப் போச்சு.

ஆடி இருபத்திரண்டாம் தேதி. புது டிஸ்கு வந்திருச்சுன்னு முந்தின நாளே போன் பண்ணியிருந்தா. நான் போறப்ப பத்து மணி இருக்கும். பழைய டிஸ்கு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம், ரெண்டையும் வயர்ல மாட்டி, இதுலேருந்து அதுக்கு எல்லாத்தையும் காப்பி ஏத்திட்டிருந்தா. விடிஞ்சதுலேருந்து ஓடுதாம். பழைய டிஸ்குக்கு மூச்சு வாங்குது, அதனால ரொம்ப மெதுவாத்தான் வரும்னா. பதிமூணு வருசம் நான் அடிச்ச பத்திரம், மனு, உயில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதுலதான் இருக்கு. திரையில ஒரு பச்சைப் பட்டை இருந்துச்சு. அது பக்கத்துல முப்பது பர்சென்ட்னு காட்டுச்சு.

"அக்கா, அவருக்கு மாத்திரை தீந்து போச்சு. ஆஸ்பத்திரியில போயி வரிசையில நிக்கணும். ஒன்றரை மணி நேரத்துல வந்துருவேன். கடையில இருக்கீங்களா?"ன்னா.

"போயிட்டு வா"ன்னேன்.

"இது பாட்டுக்கு ஓடும்கா. நீங்க ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல. அவரு தட்டினா மட்டும் கொஞ்சம் ஏறிப் பாருங்க. தண்ணிக்குத்தான் தட்டுவாரு. பக்கத்துலயே சொம்புல வச்சிருக்கேன், ஸ்பூனால விடணும்."

"சரி"ன்னேன்.

அவ போயிட்டா. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தப் பட்டையைப் பாத்துட்டிருந்தேன். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு பர்சென்ட் ஏறுது. முப்பத்தொண்ணு. முப்பத்திரெண்டு. எந்தப் பத்திரம் போயிட்டிருக்குன்னு கீழ பேரு ஓடும். அதுல தெரிஞ்ச பேரெல்லாம் வந்துச்சு. செத்துப் போனவங்க, நிலத்தை வித்துட்டுத் திருப்பூர் போனவங்க, எல்லாரும்.

முப்பத்தாறுல இருக்கறப்ப தட்டினாரு.

மூணு தட்டு. அப்பறம் கொஞ்சம் விட்டு மூணு தட்டு. எந்திரிச்சேன் சார். பொய் சொல்லல, எந்திரிச்சுப் படிக்கட்டு வரைக்கும் போனேன். கம்பியில கைகூட வச்சேன். அப்ப முப்பத்தேழு ஆச்சு. திரும்பிப் பாத்தா அந்த டிஸ்குலேருந்து கடக் கடக்னு சத்தம் வருது. எப்ப வேணா நின்னுரும்னு அவளே சொல்லியிருக்கா. அதைத் தனியா விட்டுட்டுப் போகலாமா? பதிமூணு வருச வேலை சார். வந்து உக்காந்துட்டேன்.

டிஸ்கு நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு நீங்க கேக்கலாம். நியாயந்தான். ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்? இருந்தாலும் பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்ல.

முப்பத்தெட்டு. தட்டிக்கிட்டே இருந்தாரு. முப்பத்தொம்பதுல வேகமா தட்டினாரு, மூணு மூணா இல்ல, தொடர்ந்து. இதோ இது நாப்பது ஆகட்டும், போயிரலாம்னு நினைச்சேன். நாப்பது ஆச்சு. நாப்பதுல அது ரொம்ப நேரம் அப்படியே நின்னுருச்சு. நின்னுருச்சோ, எல்லாம் போயிருச்சோன்னு. திரையவே பாத்துட்டிருந்தேன். அப்பறம் நாப்பத்தொண்ணு வந்துச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டேன். அப்பதான் மேல சத்தம் இல்லைன்னு தெரிஞ்சுச்சு.

தூங்கிட்டாருன்னு நினைச்சேன். நல்லதாப் போச்சுன்னு உக்காந்துட்டேன்.

அவ வந்தப்ப நாப்பத்தெட்டு. மாத்திரைப் பையை மேசையில வச்சுட்டு, "இங்க எல்லாம் சரியாக்கா?"ன்னா. "சரியா ஓடுது"ன்னேன். மேல ஏறிப் போனா. அப்பறம் "என்னங்க, என்னங்க"ன்னு கேட்டுச்சு. பொறுமையாத்தான் கூப்பிட்டா, தூங்கறவங்களை எழுப்பற மாதிரி.

அவ இறங்கி வர்றப்ப ஒவ்வொரு படியிலயும் நின்னு நின்னு வந்தா. கடைசிப் படியில நின்னு என்னைப் பாத்துக் கேட்டா. "அக்கா, தட்டினாரா?"

"இல்ல"ன்னேன்.

யோசிச்சு சொல்லல சார். யோசிக்க நேரம் எங்க இருந்துச்சு? வாய் தானா சொல்லிருச்சு.

"தட்டவே இல்லையா?"

"இல்ல பிலோமினா."

அவ அப்படியே படியில உக்காந்துட்டா. "தூக்கத்துலயே போயிட்டாரு. மாதாவே, தூக்கத்துலயே கூட்டிட்டுப் போயிட்டியே"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. நான் போயி பக்கத்துல உக்காந்து முதுகைத் தடவினேன்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பாத்தாரு. ரெண்டாவது அட்டாக்னாரு. "யாரு பக்கத்துல இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா, பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்கும்"ன்னாரு. பத்து நிமிசம்னா ரெண்டு பர்சென்ட். நான் கேட்டது அஞ்சு பர்சென்ட். டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? அவரு மேல தப்பில்ல.

எங்க கொழுந்தனாருக்குச் சொல்லி விட்டோம். சிவலிங்கம்னு, இங்க முசிறியிலதான் இருக்காரு. ஒரு மணி நேரத்துல வேன் எடுத்துட்டு ஆளுங்களோட வந்துட்டாரு. அவங்களே மேல போயி தூக்கிட்டு வந்தாங்க. நான் கீழயே நின்னுட்டேன். குறுகலான படி, நாலு பேரு இறங்கவே இடம் இல்ல. வேன்ல ஏத்தினதும் பிலோமினா ஏறப் போனா. கொழுந்தனாரு குறுக்க கையை நீட்டிட்டாரு.

"அண்ணி, இவ வரக்கூடாது. ஊர்ல உங்களுக்குத்தான் அசிங்கம்"ன்னாரு.

அவ என்னைப் பாத்தா. நான் ஏதாவது சொல்லுவேன்னு பாத்தா. நான் வேன்ல உக்காந்திருந்தேன். சொல்லியிருக்கலாம்தான். ஒரு வார்த்தை, வரட்டும்னு சொன்னா போதும், அவரு விட்டிருப்பாரு. எனக்கு அப்ப அந்த மெஷின் எவ்வளவுல இருக்கோன்னு நினைப்பு ஓடிட்டிருந்துச்சு. "காப்பி முடிஞ்சதும் ஆஃப் பண்ணிரு"ன்னு சொன்னேன். வேன் கிளம்பிருச்சு.

எல்லாம் முறைப்படி நடந்துச்சு. ஒம்பது வருசமா என்னை எட்டிப் பாக்காத சனமெல்லாம் வந்துச்சு. பூ வச்சாங்க, பொட்டு வச்சாங்க, அழிச்சாங்க. அழச் சொன்னாங்க. வரல. அதிர்ச்சியில இருக்கான்னு ஒருத்தி சொன்னா. கல்லுன்னு இன்னொருத்தி சொன்னா. ரெண்டும் கேட்டுச்சு.

பதினாறு முடிஞ்சு ரெண்டாம் நாள் நான் கடையைத் தொறந்து பெருக்கிட்டிருக்கேன், பஸ்லேருந்து பிலோமினா இறங்கி வர்றா. இந்தப் பெட்டியை அதே புடவையில கட்டி இடுப்புல வச்சுக்கிட்டு வந்தா. முதல் முதலா என் கடைக்குள்ள வந்தா. செருப்பை வெளியில விட்டுட்டு வந்தா.

மேசையில வச்சு மாட்டினா. பட்டனை அமுக்கினா. நான் காப்பி வாங்கி வரலாம்னு திரும்பறதுக்குள்ள திரை வந்து நின்னுச்சு. எல்லாம் இருந்துச்சு சார். ஒரு பத்திரம்கூட விட்டுப் போகல. நான் வச்சிருந்த வரிசையிலயே இருந்துச்சு. பிரிண்டர்தான் புது விண்டோசுக்கு ஒத்துவராம அரை நாள் படுத்துச்சு. அதையும் எங்கேருந்தோ எதையோ இறக்கிப் போட்டு சரி பண்ணிட்டா. வேலைக்குன்னு காசு வாங்கல. சாமானுக்கு மட்டும் வாங்கிக்கிட்டா.

அந்த மெஷின்ல முதல்ல அடிச்சது என் மனுதான். வாரிசு சான்றுக்கு. இறந்தவர் வீரபத்திரன். மனைவி தனக்கோடி. வேற வாரிசு இல்லைன்னு. இருபத்தாறு வருசத்துல எத்தனை பேருக்கு அடிச்சிருப்பேன், கண்ணை மூடிக்கிட்டு அடிப்பேன். அவ என் பின்னாடி நின்னு பாத்துட்டிருந்தா.

"அக்கா, பேருல ஒரு எழுத்து விட்டுட்டீங்க"ன்னா. பாத்தா 'வீரபதிரன்'னு அடிச்சிருக்கேன். அவ சொன்னதும் திருத்தினேன். அவ பேரு அந்தத் தாள்ல எங்கயும் வராது. அவளும் அதைக் கேக்கல. பிழை மட்டும் பாத்துக் குடுத்தா.

சாயங்காலம் கிளம்பறப்ப, எரிச்ச இடத்தைக் காட்டறீங்களான்னு கேட்டா. பொம்பளைங்க அங்க போற வழக்கம் இல்ல. கூட்டிட்டுப் போனேன். ஆத்தோரம்தான். அங்க ஒண்ணும் இல்ல, வெறும் தரை. வேற யாரையோகூட அதுக்கு மேல எரிச்சிருந்தாங்க. அவ முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினா. எந்திரிச்சு முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு, "அக்கா, நிஜமாவே தட்டலயாக்கா?"ன்னு கேட்டா.

"இல்ல. குறட்டைச் சத்தம்தான் கேட்டுச்சு"ன்னேன்.

குறட்டையை ஏன் சேர்த்தேன்னு தெரியல. அவ மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுச்சு.

இப்ப வியாழக்கிழமை வியாழக்கிழமை வர்றா. அன்னிக்குக் கடைக்கு லீவு விட்டுருவா. வந்து மெஷினைத் தொறந்து தூசி ஊதிட்டு, என்கூட சாப்பிட்டுட்டுப் போவா. நல்லாத்தான் இருக்குது. ஒரு ஆளுக்குப் பொங்கறதுக்கும் ரெண்டு ஆளுக்குப் பொங்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்து, கேப்பா. அந்த நாளைப் பத்தித்தான் கேப்பா. விடாம கேக்கறா சார். நானும் சொல்றேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடிப்போகுது. குறட்டை நின்னதும் என்னவோன்னு மேல ஏறிப் போனேன்னு சொன்னேன். அடுத்த வாரம், நெத்தியில வேர்த்திருந்துச்சு, தொடச்சு விட்டேன்னு சொன்னேன். அதுக்கு அடுத்து, ஸ்பூனால தண்ணி விட்டேன், ரெண்டு ஸ்பூன் குடிச்சாருன்னு சொன்னேன்.

"அப்ப உங்களை அடையாளம் தெரிஞ்சுதாக்கா?"ன்னு கேட்டா.

"தெரிஞ்சுது. இடது கையால என் கையைப் பிடிச்சாரு"ன்னேன்.

அவ இந்த மேசை மேல தலையைச் சாய்ச்சு அழுதா. "எனக்குக் குடுத்து வைக்கல, உங்களுக்காவது வச்சுதே"ன்னா. நான் தலையைத் தடவிக் குடுத்தேன். எனக்கு அழுகை வரல. அந்தக் கட்டில் எந்தப் பக்கம் போட்டிருந்துச்சு, ஜன்னல் இருந்துச்சா, போர்வை என்ன கலரு, அதெல்லாம் அவ கேக்கல. கேட்டா என்ன சொல்றது? அந்த மாடிக்கு நான் ஏறினதே இல்லையே.

ஏன் உங்ககிட்ட இதெல்லாம் சொல்றேன்னு தெரியல. நீங்க வெளியூரு. சான்று வந்ததும் பஸ் ஏறிருவீங்க.

நாளைக்கு வியாழக்கிழமை. அவரு ஏதாவது சொன்னாரான்னு கேப்பா. பேச்சு வராதவருதான், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேக்கத்தான் போறா, போன வாரமே கிளம்பறப்ப வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்காம போயிட்டா. என்ன சொன்னாருன்னு சொல்லலாம்? காலையிலேருந்து அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.